பல் டாக்டரின் ஃபைலுக்கும் ஒரு ரிஜிஸ்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டேன். மூன்றாவது தடவை நாற்காலியில் படுத்திருந்தபோது வாய்க்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். வலியில்லை. ஆனால் டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. வேருக்குள் விட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற அரம்தான் ஃபைல். அதன் நுனி மூன்று மில்லிமீட்டர் போல முறிந்து வேருக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் வெள்ளைக் கீற்றாகத் தெரிந்ததை மறைக்காமல் காட்டினார். அந்த மட்டில் நல்ல மனுஷன்.

"இந்த ஃபைல் இதுவரை எத்தனை பல் பார்த்திருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் உதவிக்கு நின்ற பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் ட்ரேயைப் பார்த்தார்.

எங்கள் ஃபாக்டரியில் தேயிலையை வெட்டித் துண்டாக்கும் சி.டி.சி. ரோலரின் பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும். அதனால் ஓடிய மணிநேரத்தை ரிஜிஸ்டரில் எழுதி வைத்து, கணக்கு வந்ததும் கழற்றிச் சாணை பிடிக்க அனுப்பிவிடுவோம். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கையால் திருகும் ஸ்டீல் ஃபைல் பரவாயில்லை. தேய்ந்தால் முறுக்கு பிரிந்து காட்டிக்கொடுக்கும், பெரும்பாலும். மோட்டாரில் மாட்டும் நிக்கல்-டைட்டானியம் ஃபைல் வேறு ரகம். வளைத்து விட்டால் ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்துகொள்ளும். வளைந்த வேருக்குள் நிமிடத்துக்கு 300 சுற்று வாக்கில் அது சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெருக்குப்படும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். உள்ளே கீறல் வளர்ந்து, வெளியே புதுசு போல மினுங்கும்போதே முறிந்துவிடும். ஆகவே நேரான வேரில் போய்வந்த ஃபைலையும் கொக்கி போன்ற வேரில் போய்வந்ததையும் ஒரே கணக்கில் சேர்க்கவே கூடாது.

பிரிட்டனில் 2007-லேயே இவற்றை ஒரு நோயாளிக்கு மேல் உபயோகிக்க வேண்டாம் என்று அரசு சொல்லிவிட்டது. அங்கே காரணம் முறிவதல்ல. நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்கும் லேசில் மசியாத, மூளை நோய் பரப்பும் ப்ரியான் புரதம் ஒட்டியிருக்குமோ என்ற பயம். நம் ஊரில் ஆளுக்கொரு புது செட் கட்டுப்படியாகாது என்பதும் தெரியும். நானே பழைய பேரிங்கைக் கழுவி மாட்டியவன்தான். (இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபைலை வெந்நீரில் போட்டு எடுத்தேன், சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய மாடல் ஆட்டோகிளேவில் முள் 15 பவுண்டு அழுத்தம் காட்டினாலும் போதாது, இங்கே மூன்று பவுண்டாவது கூட வேண்டும். பாய்லர் பார்த்தவன் சொல்கிறேன்.)

நான் கேட்பது எண்ணிக்கை மட்டும்தான். எந்த ஃபைல், எத்தனையாவது தடவை, வேர் நேரா வளைவா என்று ஒரு வரி. கேட்கிற நோயாளிக்கு அதைச் சொல்ல வேண்டும்.

முறிந்த துண்டை எடுக்க வேண்டுமானால் கோயம்புத்தூரில் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவரிடம் போக வேண்டுமாம். நன்றாகச் சுத்தம் செய்து அடைத்தால் துண்டோடேயே பல் நிற்கவும் வாய்ப்புண்டு என்றார் எங்கள் டாக்டர். சரி என்று அடைக்கச் சொல்லிவிட்டேன். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருக்கிறார். போகும்போது கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
கோத்தகிரி, நீலகிரி