இறக்கி ஏற்றிய என்ஜினும் கைகொடுத்தவர்களும்

இரண்டு வாரமாக என் ஷெட்டிலிருந்து வந்த வெடிச்சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட சேலம் அம்மாப்பேட்டைத் தெருக்காரர்களுக்கு முதலில் மன்னிப்பு. அப்புறம் நன்றி.

அப்பா 1978-இல் வாங்கிய அம்பாசடர், மார்க் 3. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து புதுப்பிப்பது) முடிந்து வந்த என்ஜினை நானே ஏற்றினேன். என்ஜினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைக் கொடுத்ததோடு, கூடவே நின்று தாங்கிப் பிடித்தவர் செவ்வாய்ப்பேட்டை இரும்புக்கடை அண்ணன். வாடகை வாங்கவில்லை.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகியது. பேட்டரிதான் போச்சு என்று புதிது வாங்கக் கிளம்பிவிட்டேன். எதிர்வீட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி, "சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கண்ணா" என்றான். சுட்டது. என்ஜினையும் பாடியையும் இணைத்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டையை நான் மாட்டவே இல்லை. ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட் குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக்கின் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போயிருக்கிறது. பட்டை, மூலையில் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது.

மாட்டியதும் என்ஜின் ஜோராகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வழியாக 'டமார்'. பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறி இருக்கிறது. மூன்று நாள் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியது வெட்டி வேலை.

பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் சூரமங்கலத்துப் பெரியவர் வந்தார். கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, "ஹேண்டிலை மெதுவா சுத்துப்பா" என்றார். காற்று விரலைத் தள்ளியது. புல்லியில் குறி நேராகும்வரை இன்னும் கொஞ்சம் சுற்றச் சொல்லி, பிளக்குகளுக்கு முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். ஒன்றாம் சிலிண்டரைக் காட்ட வேண்டிய, உள்ளே சுற்றும் ரோட்டர், எதிர்ப்பக்கம் திரும்பி நாலாவதைக் காட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன் மேலே வந்ததை மட்டும் பார்த்தேன். அது காற்றை அழுத்தும் கம்ப்ரஷனா, புகையைத் தள்ளும் எக்ஸாஸ்டா என்று பார்க்காமல் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் கியரை அரைச்சுற்று மாற்றிப் போட்டிருக்கிறேன். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஒன்று எங்கே ஆரம்பிக்கிறது என்பதில்தான் கோட்டை விட்டேன்.

கியரை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டோம். அரைச்சுற்று ஹேண்டிலில் பிடித்துக்கொண்டது.

காசு வேண்டாம், ஏற்காடு கூட்டிப் போ என்றார் பெரியவர். போன ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். அடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொடுத்த டீக்கடை அக்காவுக்கும் நன்றி. வண்டி ஒரு இடத்திலும் இருமவில்லை. பெரியவரின் பேரன்தான் பன்னிரண்டாவது வளைவில் பின்சீட்டில் வாந்தி எடுத்தான். அதற்கு நான் பொறுப்பில்லை.