மூச்சு விடவாவது விடுங்கள்

ஆசிரியருக்கு,

2022 மே 18 அன்று, முழுமையான நீதி வழங்க சிறப்பு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவைக் கொண்டு, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 19 வயதில் கைதானவர். 31 ஆண்டுக்குப் பின் நிருபர்களிடம் அவர் கேட்டது, கொஞ்சம் மூச்சு விட அவகாசம். அதுகூடப் பலருக்குக் கிடைப்பதில்லை. நீண்டகாலக் கைதி யார் வெளியே வந்தாலும் வாசலில் மைக்குகள் முண்டியடிக்கின்றன. தாய் கண்ணைத் துடைப்பதை மெதுவாக ஓட்டி, சோக இசை சேர்த்து, நடுவில் விளம்பரம் வேறு! அப்புறம், குற்றத்தில் உறவைப் பறிகொடுத்தவரைப் பிடித்து, 'உங்கள் மனநிலை என்ன?' என்கிறார்கள். இரண்டு வேதனையை மோதவிட்டால் ரேட்டிங் ஏறும், சரி. கருணை மனுக்கள் ஆண்டுக்கணக்கில் ஏன் கிடப்பில் கிடக்கின்றன என்று இதே சேனல்கள் எத்தனை நாள் விவாதித்தன? விடுதலையானவர் தானாகப் பேச முன்வரும்வரை கேமராக்கள் தெருமுனையிலேயே நிற்கட்டும்.

- ஒரு வாசகர்