தொட்டிக் கசிவை அடைக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
ஜவ்வரிசி ஆலையின் பின்தெருப் பெண்கள்,
பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: ஆலையின் எரிவாயுத் தொட்டியில் கசியும் மீத்தேனை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஐப்பசியிலும் தை மாதத்திலும் உரிய அலுவலகத்தில் அளித்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரூர் சாலையில் போய்வரும் தங்களுக்கு எங்கள் ஊர்த் திருப்பம் தெரியாததல்ல. குச்சிக்கிழங்கு அரைக்கும் காலத்தில் எல்லோரும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் இடம் அது. ஆலையை மூடச் சொல்லவில்லை. எங்கள் கிழங்கும் கூலியும் அங்கேதான்.

1. மாவு பிழிந்த கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேலே போர்த்திய விரிப்பு சுவரை விட்டு விலகியிருக்கிறது. மழை ஓய்ந்ததும் அந்த ஓரத்தில் தேங்கிய நீர், உலையைப்போல் குமிழியிடுகிறது.

2. இரவில், அந்த எரிவாயுவில் ஓடும் ஜெனரேட்டர் நின்றதும் வால்வு திறந்து வாயுவை அப்படியே வெளியே விடுகிறது. மிஞ்சியதை எரிக்கும் குழாய் இருக்கிறது. அது எரிந்து நாங்கள் பார்த்ததில்லை.

3. மீத்தேனுக்கு வாடை இல்லை. கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டையாக நாறுகிறது. என் பேத்தியின் வெள்ளிக் கொலுசு ஒரே வாரத்தில் கறுத்துவிட்டது. அரூரில் பத்தரிடம் கொடுத்து மெருகேற்றினோம், திரும்பவும் கறுத்தது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் பேசாமல் கொலுசைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளியைக் கறுக்கவைக்கும் காற்றைத்தான் அந்தக் குழந்தை இரவெல்லாம் மூச்சில் இழுக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் குமட்டல். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும் என்று கேட்ட நாளிலிருந்து, விடியற்காலையில் கதவைத் திறந்து முறத்தால் விசிறிய பிறகே தீக்குச்சி உரசுகிறேன். கை நடுங்குகிறது ஐயா. பார்வையிட வந்தவர் பகல் 11 மணிக்கு வந்தார், ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்தார், போய்விட்டார். கசிவு இரவில்தான் அதிகம் என்று இரண்டு மனுவிலும் எழுதியிருந்தோமே! ஒருவராவது படித்தாரா?

4. 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். எரித்துவிட்டால் அந்தக் கேடு பெரிதும் குறையும். எரிவாயுக் கிணறுகளில் இத்தகைய கசிவை அகச்சிவப்புக் கேமரா வைத்துத் தேடுகிறார்கள். எங்களுக்கு அது கூட வேண்டாம். மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் நுரைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். அதற்குமா இத்தனை மாதம்?

5. விரிப்பை ஒட்டச் சொல்லுங்கள். எரிகுழாயைப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல், அளவுக் கருவியோடு ஓர் அலுவலரை அனுப்புமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறோம். பகலில் வேண்டாம் ஐயா, இரவில் அனுப்புங்கள். எந்த இடம் என்று நாங்களே கூட வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பின்தெருப் பெண்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைப்பில்)