தார்சாவில் ஒரு தையல் மூலை: மதனிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதனிக்கு,

வணக்கம். வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுக்கத் தொடங்கப் போகிறீர்கள் என்று அண்ணன் சொன்னபோது மிகவும் மகிழ்ந்தேன். அதற்காக அரங்கு வீட்டை ஒழித்து, ஆசாரியை வைத்து மேசையும் அலமாரியும் செய்து, மோட்டார் பொருத்திய புது மெஷினை மாதத் தவணையில் எடுக்கப் போகிறீர்கள் என்றும் சொன்னான். தைக்கும் எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு முறை யோசித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு என்னிடம் வரும் பெண்கள் பலர் இருப்பதால், ஃபோனில் சொல்ல வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறேன். தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

முதலில் இடம். அரங்கு வீடு நெல்லும் வெண்கலப் பாத்திரமும் வைக்கக் கட்டியது. அதற்கு ஜன்னல் கிடையாது. கறுப்பு ஜாக்கெட்டில் கறுப்பு நூலால் தைத்த தையலை அங்கே ட்யூப் லைட் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் கண் என்ன பாடுபடும் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். வீட்டின் முன்கட்டான தார்சாவின் கிழக்கு மூலை போதும். தையல் மெஷினின் தலைக்கட்டு வலப்பக்கம் உயர்ந்து நிற்கும், ஊசி இடப்பக்கம் இருக்கும் என்பதால், வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தால் மெஷினின் நிழலும் கையின் நிழலும் தையல் விழும் இடத்திலேயே படியும். உங்கள் வீடு வடக்குப் பார்த்தது. கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் முன்பக்கத்து அழிக்கம்பித் தடுப்பு வழியாக வரும் வெளிச்சம் இடக்கைப் பக்கம் விழும். வடக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும் வெயிலும் அதிகம் இருக்காது. துணிக்கு நூல் பொருத்துவதையும் பகல் வெளிச்சத்திலேயே செய்யுங்கள். கடை விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரிந்த நிறம் வெளியே வந்ததும் வேறாகிவிடும். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அழுத்தமான நூலை எடுங்கள். கண்டில் அடர்த்தியாகத் தெரியும் நூல், ஒற்றை இழையாகத் துணியில் ஓடும்போது வெளிறித் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் உள்ளே அடிக்கும் என்பது ஒன்றுதான் தார்சாவின் குறை. அழிக்கம்பியில் ஒரு தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி வைத்து, மழைக் காலத்தில் இறக்கிவிட்டால் அதுவும் தீர்ந்தது.

அடுத்து, மெஷினுக்கு முன்பே நீங்கள் யோசிக்க வேண்டியது வெட்டுமேசையைப் பற்றி. தையல் பழகுகிறவர்கள் எல்லாப் பணத்தையும் மெஷினில் போட்டுவிட்டு, துணியைத் தரையில் பாய் விரித்து வெட்டுகிறார்கள். முழங்காலும் இடுப்பும் வலிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வெட்டே சரியாக வராது. தையல் கத்தரிக்கோலின் கீழ் அலகு பலகையை ஒட்டியபடி நகர வேண்டும், துணியைத் தூக்கக் கூடாது. குனிந்து எட்டி வெட்டும்போது துணி தூக்கிக்கொள்ளும், கீழ் மடிப்பு நழுவும், பிறகு ஒரு கைக்குழி பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் வந்து நிற்கும். அதைத் தையலில் சரிக்கட்ட எந்த மெஷினாலும் முடியாது.

இதற்கு ஆசாரி வேண்டியதில்லை. நாம் வாங்கும் துணிகளில் பெரும்பாலானவை 44 அங்குல அகலம் அல்லது அதற்கும் குறைவு. இரண்டாக மடித்தால் 22 அங்குலம். எனவே இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் உள்ள பலகையில் ஜாக்கெட், உள்பாவாடை, சுடிதார் டாப் எல்லாம் அடங்கிவிடும். பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நான்கடி என்பதால், அதில் கால் பங்கு நமக்குப் போதும். வெட்டி மிஞ்சிய துண்டு கடையில் இருந்தால் விலையும் குறையும். முக்கால் அங்குலத் தடிமன் பார்த்து வாங்கி, நீளப் பக்கத்தில் கீல் அடித்துச் சுவரோடு பொருத்தி, மடக்குக் கால் வைத்துவிட்டால், வேலை முடிந்ததும் பலகை சுவரோடு சாய்ந்துவிடும், தார்சா தார்சாவாகவே இருக்கும். உயரத்தை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். நின்றபடி கையை மடக்கிப் பார்த்து, முழங்கைக்கு நான்கு விரல் கீழே பலகை வரும்படி வைத்தால் குனிய வேண்டியிருக்காது. பெரும்பாலும் அது 34 முதல் 36 அங்குலத்துக்குள் வரும். ஃபேன் காற்றில் துணி பறக்காமலிருக்க, உங்கள் மாமனார் கடையில் மிச்சமான, எடைபோடும் படிக்கற்கள் பரணில் கிடக்கின்றனவே, அவற்றை எடுத்துத் துடைத்து வையுங்கள்.

அந்தப் பலகையே இஸ்திரி மேசையும் ஆகும். மேலே ஒரு பழைய கம்பளி, அதன்மேல் நைந்த வேட்டி, அவ்வளவுதான். ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் தேய்த்துப் படிய வைத்தால்தான் ஜாக்கெட் கடையில் தைத்தது போல் உட்காரும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதற்கெனச் சுவரிலேயே ஒரு மூன்று முனை பிளக் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் வயர் சூடாகி உருகும். தைத்த பிறகு சுருங்காமலிருக்க, லைனிங் துணியை ஒரு இரவு தண்ணீரில் போட்டு, உலர்த்தித் தேய்த்த பிறகே வெட்டுங்கள்.

இப்போது மெஷின். உங்களுக்கு வேண்டியது இரும்பு ஸ்டாண்டோடு கூடிய கால் மிதி மெஷின், பழையதே போதும். கரண்ட் போனாலும் ஓடும், மிதியின் வேகம் உங்கள் காலில் இருக்கும், ஊரில் எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பார். பின்னாளில் தேவைப்பட்டால் இதற்கே மோட்டார் பொருத்தலாம். வாங்கும்போது பெயின்டையும் பூப்படத்தையும் பார்க்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கிச் சுற்றுங்கள்; ஓர் இடத்திலும் இறுகாமல் சுற்ற வேண்டும். ஊசிக் கம்பியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தையல் தவறும். கீழ் நூல் சுற்றிய பாபின் ஓடும் இடத்தில் துரு அரித்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கீழ்ப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம். மேல் நூலின் டென்ஷன் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். துணியைத் தள்ளும் பல் தேய்ந்திருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். தோல் பெல்ட் நாளடைவில் தொங்கி வழுக்கும்; அப்போது அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போட்டால் சரியாகிவிடும். எண்ணெய் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்டதால் மார்கழிக் குளிரில் உறைந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகிப்போன மெஷின்கள் ஊருக்குள் எத்தனையோ உண்டு. மெஷின் ஆயில் என்று கேட்டே வாங்குங்கள்.

துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினும், சேலை ஓரம் அடிக்கும் பிக்கோ மெஷினும் இப்போது வேண்டாம். இரண்டையும் பஜாரில் கூலிக்கு அடித்துத் தருகிறார்கள். அந்தக் கூலியை நீங்கள் வாங்கும் தையல் கூலியில் சேர்த்துவிடலாம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் ஒரு தொழிலாக இருக்கிறது, கடனுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியம் உண்டு என்று அண்ணன் ஆசை காட்டியிருப்பான். நல்ல திட்டம்தான். ஆனால் மானியம் போக மிச்சம் கடன்தானே? ஆர்டர் சீராக வரத் தொடங்கிய பிறகு ஓவர்லாக் மெஷினுக்காக அதை வாங்கினால் அர்த்தம் உண்டு.

அலமாரிக்குப் பதிலாகச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஜவுளிக்கடைக் கட்டைப் பைகளை மாட்டுங்கள். ஓர் ஆர்டருக்கு ஒரு பை: அதில் துணி, லைனிங், நூல் கண்டு, அளவு ஜாக்கெட், பெயரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு. வீட்டில் தைத்துக் கொடுப்பவர்களிடம் சண்டை வருவது தையலைவிட, தொலைந்துபோன அளவு ஜாக்கெட்டால்தான் அதிகம்.

மெஷின் பார்க்கப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஒரு மெல்லிய வாயில் (voile) துணித் துண்டும், நான்காக மடித்த காடாத் துணியும், 14 ஆம் நம்பர் ஊசி ஒன்றும் கையோடு கொண்டுவருவேன். அந்த இரண்டு துணியிலும் தைத்துப் பார்த்த பிறகு விலை பேசலாம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்