தாத்தாவின் பூட்ஸுக்குப் பாலிஷ் போடாதீர்கள்

பெங்களூரு அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்து மதராஸ் சாப்பர் (ராணுவப் பொறியாளர் படை) குடும்பங்களுக்கு வணக்கம்.

தாத்தாவின் மெடலைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பீர்கள். அவருடைய பூட்ஸ்? பரணில் சாக்குக்குள் கிடக்கும். வீட்டை இடிக்கும்போது பழைய சாமான்காரரிடம் போய், அப்புறம் சண்டே பஜாரில் கைமாறும். தயவுசெய்து அதற்கு விடாதீர்கள்.

சிப்பாயின் பூட்ஸ் மிஞ்சுவதே அபூர்வம். அடி தேய்ந்தால் மாற்றித் தைத்து, பட்டாளத்தை விட்டு வந்தபின் வேலைக்கும் அதையே போட்டுத் தீர்த்துவிடுவார்கள்.

இரண்டாம் உலகப்போர் கால அம்யூனிஷன் பூட்ஸ் கணுக்கால் உயரம் இருக்கும். தடித்த தோல் அடியில் வரிசையாக இரும்பு ஆணி, குதிகாலில் லாடம். அம்புக்குறி முத்திரையும் அதன்கீழ் ஆங்கில ஐ எழுத்தும் தெரிந்தால் அது இந்திய அரசு கொடுத்தது. மர்ஃபி டவுனில் ஒரு வீட்டில் அப்படி ஒரு ஜோடி பார்த்தேன். வலது பூட்ஸில் குதிகாலுக்கு முன்னால் உள்ள இடம் மட்டும் குழிந்து தேய்ந்திருந்தது. "ஸ்பேடை மிதிச்சு மிதிச்சு ஆனது" என்றார் மகன். பள்ளம் தோண்டி, பாலம் போட்டு, கண்ணிவெடி எடுத்த படை அல்லவா!

1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார் மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்ரமணியன். அவருக்கு வீரத்துக்கான உயரிய பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. மெடல் வாங்காத மற்ற சாப்பர் தம்பிகள் பட்ட பாட்டுக்கு இந்தத் தேய்மானம்தான் பதிவேடு.

அதனால்தான் பாலிஷ் வேண்டாம் என்கிறேன். எண்ணெயும் வேண்டாம், தோல் கறுத்து, தூசி ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி பட்டால் ஆணி துருப்பிடிக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, அச்சில்லாத வெள்ளைத்தாளை உள்ளே திணித்து வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை வரும். பிற்காலத்தில் அடித்த லாடமாக இருந்தாலும் கழற்றாதீர்கள், அதுவும் அவர் நடந்ததுதான்.

அவர் பெயர், படை எண், எந்தக் கம்பெனி என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையா? சரி, கடைக்காரரிடம் போவதற்கு முன் எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப், சாப்பர் படையின் இன்றைய பெயர்) சென்டர் அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அல்சூர்த் தமிழர் ஒருவர்