அந்த ரெண்டாயிரம் தம்பியோடது

கண்ணு, நல்லாருக்கியா, மாப்ள நல்லாருக்காரா. போன்ல பேசினா நீயும் நானும் கத்திக்கறோம், உங்கம்மா நடுவுல வந்து போன புடுங்கிக்கறா, அதனால டைப் பண்ணியே அனுப்பறேன், ராத்திரி பொறுமையா படி.

தம்பிக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை மாசம் ரெண்டாயிரம் சாங்ஷன் ஆயிடுச்சுன்னு சொன்னதுக்கு நீ என்ன கேட்ட, இந்த ரெண்டாயிரத்துக்கா அவன தூக்கிட்டு வெயில்ல அலஞ்சீங்க, நான் அனுப்ப மாட்டனான்னு. அனுப்புவ கண்ணு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நீ குடுக்கறது அக்கா தம்பிக்கு குடுக்கறது, இது அவன் பேருல அவன் அக்கவுண்ட்டுக்கு வர்றது, நீயும் நானும் சண்ட போட்டாலும் வரும், மாப்ளக்கு வேல போனாலும் வரும். அவனுக்கும் இருபது வயசாகுது, அவன் வயசு பசங்க எல்லாம் ஓசூர் கம்பெனில சம்பளம் வாங்கறானுங்க, இவன் பேருலயும் மாசாமாசம் ஒரு தொக ஏறட்டுமே. நம்ம வீட்ல மாசத்துக்கு இவ்ளோன்னு உறுதியா வந்த பணம் எதாச்சும் இருக்கா சொல்லு பாப்பம். தக்காளி ஒரு வாரம் பாலக்கோடு மார்க்கெட்டுல அடிச்சு புடிச்சு வாங்கறான், அடுத்த வாரம் பறிக்கற கூலிக்கு கட்டாம செடிலயே விட்டுட்டு வர்றோம். மாட்டுப் பால் காசு மாட்டுத் தீவனத்துக்கே போயிடுது.

நீ நெனைக்கற மாதிரி அலைச்சல் எல்லாம் பணத்துக்கு இல்ல, கார்டுக்கு தான். சின்ன வயசுல குடுத்த அந்த பழைய ஐ.டி. புக்க வெச்சுட்டு இனிமே ஒண்ணும் ஆகாது, எல்லாத்துக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்குன்னு குடுக்கற யூ.டி.ஐ.டி. கார்டு தான் கேக்கறாங்க, அது நாடு பூரா செல்லும், உன்கூட பெங்களூர் வந்து இருந்தாலும் அதே நம்பர் தான். அதுக்கு ஆதார் சரியா இருக்கணும். தம்பிக்கு பதினஞ்சு வயசுல புதுப்பிக்க வேண்டியத நாம புதுப்பிக்கல, அவன் விரலு தான் மடங்கியே இருக்குமே, மெஷின்ல வெச்சு அமுக்கினா வலில கத்தறான், அங்க இருந்த பொண்ணு நல்ல பொண்ணு, விடுங்கப்பா கண்ண வெச்சே எடுத்துடலாம்னு சொல்லுச்சு, அந்த லைட்ட பாத்ததும் இவனுக்கு ஒரே சிரிப்பு, சிரிச்சா கண்ணு மூடிக்குது, திரும்ப எடு, திரும்ப சிரிப்பு, க்யூல இருந்தவங்களும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்புறம் மெடிக்கல் போர்டு, குறைபாடு எத்தன பர்சென்ட்னு டாக்டருங்க பாத்து போடற எடம். இதுல ஒரு கணக்கு இருக்கு, உனக்கு தான் கணக்கு புடிக்குமே. தம்பிக்கு கை கால் இறுக்கத்துக்கு எலும்பு டாக்டர் 60 போட்டாரு, புத்திக்கு டெஸ்ட் வெச்சு 50 வந்துச்சு, நான் 110ன்னு நெனச்சுட்டு நிக்கறேன், அப்படி கூட்டக் கூடாதாம். பெருசு எதுவோ அத வெச்சுட்டு, 90ல இருந்து அத கழிச்சு, மீதிய சின்னதால பெருக்கி 90ல வகுத்து கூட்டணுமாம், போட்டுப் பாரு, 77 வரும். 40 இருந்தா தான் சலுகைங்கள்ல பாதிக்கு மேல கணக்குலயே எடுப்பாங்க, இது 2016 சட்டத்துல இருக்கு. உடம்பு ரொம்ப பாதிச்சவங்களுக்கு உள்ள உதவித்தொகைக்கு 75 வேணும், நமக்கு ரெண்டு பர்சென்ட் மேல. 80 வந்திருந்தா கார்டு நீலக் கலர், இது மஞ்சக் கலர்.

வெளிய ஒருத்தன் ஃபைல் கைல வெச்சுட்டு சுத்தறான், பர்சென்ட் ஏத்தித் தர்றேன், கார்டு சீக்கிரம் வரும்னு காசு கேக்கறான். உங்கம்மா குடுத்துடலாம்னு முந்தானைல கைய வெச்சுட்டா, நான் தான் இழுத்துட்டு வந்தேன். அப்ளிகேஷனுக்கு ஒரு பைசா கெடையாது கண்ணு, நம்ம ஊர்ல யாருக்காச்சும் சொல்லணும்னா இத மொதல்ல சொல்லு.

இன்னொன்னு, உன் பெரியத்த கேட்டா, தாலுக்கா ஆபீஸ்ல குடுக்கற பென்ஷனும் சேத்து வாங்கலாம்லன்னு. முடியாது. அது ரெவென்யூ பக்கம், 2023 ஜனவரில இருந்து மாற்றுத்திறனாளிக்கு 1500 ஆக்கினாங்க, நம்மது கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கற மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆபீஸ் பக்கம், பராமரிப்பு உதவித்தொகைன்னு பேரு. அத வாங்கினா இது கெடையாது, வாங்கலன்னு வி.ஏ.ஓ. எழுதிக் குடுக்கணும். அதே வி.ஏ.ஓ. கிட்ட வருசா வருசம் ஆளு உயிரோட இருக்கான்னு சான்றும் வாங்கணும், அந்த பேர கேட்டாலே உங்கம்மாவுக்கு ஆகாது, என் புள்ள கல்லு மாதிரி இருக்கான் எதுக்குய்யா இந்த பேருன்னு அவர் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டா, பாவம் அந்த மனுசன், நான் வெக்கலீங்க அம்மா பேருன்னு சொல்றாரு.

பணம் எதுக்கு போகுதுன்னு கேட்டல்ல. பேம்பர்ஸ், ஃபிட்ஸ் மாத்திர, அவ்ளோ தான், அதுலயே முக்காவாசி முடிஞ்சிடுது. பிசியோதெரபிக்கு போய் வர்ற டவுன் பஸ்ல டிக்கெட் காசு கேக்கறதில்ல, அவனுக்கும் கிடையாது கூட போற ஆளுக்கும் கிடையாது, அந்த கார்டு காட்டினா போதும்.

இப்ப தான் விசயத்துக்கு வர்றேன். புள்ளைக்கு பதினெட்டு தாண்டிட்டா சட்டப்படி பெத்தவங்களே கார்டியன் கிடையாதாம், அதாவது அவனுக்காக கையெழுத்து போடற பொறுப்பு நமக்கு கிடையாதாம், எனக்கு இது தெரிஞ்சப்போ சிரிப்பும் வந்துச்சு கோவமும் வந்துச்சு, ராவும் பகலும் தூக்கி சுமக்கறவன் யாருன்னு சட்டத்துக்கு தெரியல பாரு. 1999ல வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டம்னு ஒண்ணு இருக்கு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சி குறைபாடு, ரெண்டு மூணு குறைபாடு சேந்து இருக்கறவங்க, இவங்களுக்கானது. அதுல மாவட்டத்துக்கு ஒரு கமிட்டி, கலெக்டர் தான் தலைவர், அங்க மனு போட்டா கார்டியன் சர்டிபிகேட் குடுப்பாங்க. அதே டிரஸ்ட்ல நிராமயான்னு ஒரு இன்சூரன்ஸும் இருக்கு, வருசத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், சேர்றதுக்கு முன்னாடி உடம்பு செக்கப் ஒண்ணும் கேக்கறதில்ல. அத நான் போட்டுடறேன்.

கார்டியனுக்கு இப்ப நாங்க ரெண்டு பேரும் மனு குடுக்கறோம். எங்களுக்கு அப்புறம் யாருங்கறது தான் கேள்வி. நெலத்துல அவனுக்கும் பங்கு இருக்கு, அவன் கையெழுத்து போட முடியாது, நாளைக்கு உன் சித்தப்பா வீட்டு ஆளுங்க அன்பா வந்து நான் பாத்துக்கறேன்னு சொல்வாங்க, அந்த அன்பு வரப்பு வரைக்கும் நீளும்னு எனக்கு தெரியும். நீ பாப்பன்னு எனக்கு தெரியும், ஆனா நீ இன்னொரு வீட்டுக்கு போனவ, மாப்ளகிட்ட கேக்காம உன் பேர நான் எங்கயும் சொல்ல மாட்டேன். அவர்கிட்ட நீயே உக்காந்து பேசு, முடியாதுன்னு சொன்னாலும் வருத்தம் இல்ல, முடியாதுங்கறது இப்பவே தெரிஞ்சா நான் வேற வழி பாப்பேன், உங்க அத்த பையன் கூட ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். உனக்கு சரின்னா அடுத்த தடவ வர்றப்போ ரெண்டு பேரோட ஆதார் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்துட்டு வா.

பணம் அனுப்பறதா இருந்தா என் அக்கவுண்ட்டுக்கு அனுப்பு, தம்பி அக்கவுண்ட்ல எதுவும் போடாத, அதுல அவன் காசு மட்டும் இருக்கட்டும். மொத மாசத்துல அவனுக்கு புடிச்சது எதாச்சும் வாங்கித் தரலாம்னு கேட்டா டிவி ரிமோட்ட காட்டறான், பெரிய டிவி கேக்கறானா, பேட்டரி போட சொல்றானான்னு எங்களுக்கு புரியல, நீ வீடியோ கால்ல வந்து கேளு, உங்கிட்ட தான் ஒழுங்கா சொல்லுவான்.

அப்பா