சின்ன ஓட்டைதானேன்னு வீட்டுக்கு அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணலி, எண்ணூர், வியாசர்பாடி பக்கம் பிரஸ், கிரேன், டிப்பர், ஃபோர்க்லிஃப்ட்னு எங்க பார்த்தாலும் ஆயில் ப்ரெஷர்ல வேலை செய்யுற ஹைட்ராலிக் மெஷின்தான், அதை ரிப்பேர் பார்த்து பொழைக்கிறவங்கள்ல நானும் ஒருத்தன். ஒரு விஷயத்த உங்க பேப்பர்ல போட்டே ஆகணும்னு கேட்டுக்கறேன். ஆயில் போற ரப்பர் ஹோஸ்ல லீக் எங்க இருக்குன்னு தயவு செஞ்சு யாரும் கைய வச்சு தடவிப் பார்க்காதீங்க.

லாரி டயர்ல இருக்கிற காத்து சுமாரா 8 பார் ப்ரெஷர்தான், ஆனா இந்த மெஷினுக்கு ஆயில் பம்ப் பண்ற ஒரு சாதாரண பவர் பேக்கே 150, 200 பார்ல ஓடும். அந்த ப்ரெஷர்ல ஹோஸ்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தா ஆயில் வர்றது கண்ணுக்கே சரியா தெரியாது, லேசா புகை மாதிரி இருக்கும், அதுல விரல் பட்டா தோல துளைச்சுக்கிட்டு உள்ள ஏறிடும், கிளவுஸ் போட்டிருந்தாலும் நிக்காது. இதுல கொடுமை என்னன்னா முதல்ல பெருசா வலிக்காது, ரத்தமும் வராது, ஒரு புள்ளி மாதிரிதான் இருக்கும். ஆனா உள்ள போன ஆயில் தசைநாண் ஓடுற உறை வழியா உள்ளங்கை வரைக்கும், சில சமயம் முழங்கை வரைக்கும் ஓடிடும், சில மணி நேரத்துல வீங்கி சதை சாக ஆரம்பிச்சிடும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹெல்பர் பையனுக்கு இப்படித்தான் ஆச்சு. சூப்பர்வைசர் பேண்டேஜ் ஒட்டி ஷிஃப்ட் முடிச்சிட்டுப் போன்னு சொல்லிட்டாரு, ராத்திரி போன கிளினிக்ல டிடி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க, மறுநாள் விரல் கறுத்துப்போச்சு, கடைசில ஆள்காட்டி விரல எடுக்க வேண்டியதாச்சு. அந்தப் பையன் மேல எந்த தப்பும் இல்ல, அவனுக்கு யாருமே சொல்லித் தரல.

இப்படி ஆனா மாத்திரை களிம்பெல்லாம் வேலைக்கே ஆகாது, ஆபரேஷன் பண்ணி திறந்து கழுவணும், அதுவும் எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. நம்ம வடசென்னைக்காரங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, கை ஆபரேஷனுக்குன்னே அங்க தனி பிரிவு இருக்கு, நாடு முழுக்க பேர் வாங்கின இடம் அது. நேரா அங்க போங்க. போனதும் "கைல அடிபட்டுச்சு"ன்னு மட்டும் சொல்லாம "ஹைட்ராலிக் ஆயில் ப்ரெஷரோட உள்ள ஏறிடுச்சு"ன்னு தெளிவா சொல்லுங்க, என்ன ஆயில், எத்தனை பார்னும் சொல்லுங்க. போற வழியில எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரும்.

லீக் பார்க்க ஒரு நீளமான அட்டையோ பிளைவுட் துண்டோ போதும், கண்ணுக்கு கண்ணாடி போட்டுட்டு தள்ளி நின்னு காட்டினா ஆயில் அதுல பட்டு காட்டிக்குடுத்துடும். மோட்டர ஆஃப் பண்ணிட்டா ப்ரெஷர் போயிடும்னும் நம்பாதீங்க, அக்குமுலேட்டர்னு ப்ரெஷர சேத்து வைக்கிற சிலிண்டர் இருக்கிற மெஷின்ல நைட்ரஜன் அழுத்தி வச்ச ஆயில் அப்படியே நிக்கும், தூக்கின லோடு எறங்காம இருந்தாலும் அதைத் தூக்குற சிலிண்டர்ல ப்ரெஷர் இருக்கும். லோட கீழ எறக்கி, ப்ரெஷர ரிலீஸ் பண்ணி, கேஜ் ஜீரோ காட்டுதான்னு பார்த்துட்டுதான் ஸ்பேனர தொடணும்.

இதெல்லாம் தெரிஞ்ச மெக்கானிக்கே ஏன் கைய வைக்கிறான்னா, லைன் நிக்கக்கூடாதுன்னு மேல இருந்து கத்துறாங்க, ஓடுற மெஷின்லயே பாருன்னு சொல்றாங்க. இங்க கடல் காத்துல ஹோஸ் ஃபிட்டிங் சீக்கிரமா துரு புடிச்சிடுது, மேல் ரப்பர் வெடிச்சு உள்ள இருக்கிற கம்பி வெளிய தெரியுற ஹோஸையே டேப் சுத்தி ஓட்டுறாங்க. ஹோஸ் மேலயே தயாரிச்ச தேதி பிரிண்ட் ஆகியிருக்கும், அதைப் பார்த்து உடையறதுக்கு முன்னாடியே மாத்துற செலவு ஒரு கம்பெனிக்கு பெருசே இல்ல.

அதனால கம்பெனி முதலாளிங்க மெஷின் பக்கத்துல இதைத் தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி மாட்டணும், இப்ப வேலை பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் வடக்க இருந்து வந்த பசங்க. ஐடிஐல முதல் வாரமே சொல்லிக் குடுக்கணும். ஃபேக்டரி ஏரியால கிளினிக் வச்சிருக்கிற டாக்டருங்களும் ஹைட்ராலிக் வேலை பார்க்கிற ஆள் சின்ன புள்ளி காயத்தோட வந்தா உடனே ஸ்டான்லிக்கு அனுப்பி வைக்கணும்.

இப்படிக்கு,
ஒரு ஹைட்ராலிக் மெக்கானிக்,
தண்டையார்பேட்டை